முன்னெழுத்து

மூடி தொலைந்த இருபது லிட்டர் கேன்,
அதை இழுத்துவரக் கயிறு,
காலில் ஏதோ ஒரு ஆணின் பூட்ஸ்.
அப்படித்தான் வந்தாள்.

பயன்கோஷு மேட்டின் தண்ணீர்ச் சாவடியில்
சன்னலுக்குள் அம்மா.
லிட்டருக்கு ஒரு துக்ரிக்.
அந்தக் காசும் இல்லாமல் மூன்று நாள் வந்து நின்றாள்.
மூன்று நாளும் குழாயைத் திறந்துவிட்ட அம்மா
நான்காம் நாள் கதவைத் திறந்தாள்.

பேர் என்ன?
நெர்குய்.
பேரில்லாதவள் என்று பொருள் எங்கள் மொழியில்.
முன்னால் பிறந்தவற்றையெல்லாம் பேர் சொல்லி அழைத்துப்போன சாவு
இவளை எப்படிக் கூப்பிடும் என்று
யாரோ வைத்த பேர்.
சாவு யோசித்தது.
பெற்றவர்களைக் கூட்டிப் போயிற்று.

அலுவலகத்தில் எழுத்தர் கேட்டார்:
பேருக்கு முன்னால் யார் பேரை எழுத?
"டுல்மா. என் பேருதான். சும்மாதானே கிடக்கு."
"சும்மா கிடக்கல, அது என்னுது!"
எனக்கு அப்போது ஒன்பது வயது.
அப்பா நிலக்கரி லாரியோடு எல்லை தாண்டிப் போனவர்,
என் பேருக்கு முன்னாலும் அம்மாதான்.
அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.
குளிரில் வெடித்த விரல்களால் கையெழுத்திட்டாள்.
தாளில் ரத்தமும் கொஞ்சம் ஒட்டியது.

அன்றிலிருந்து எனக்குக் கட்டிலில் பாதி.
ஐந்து பூஸ் வெந்தால் இரண்டு எனக்கு, இரண்டு அவளுக்கு,
மிச்சத்தை அடுப்பைப் பார்த்தபடி அம்மா மெல்லுவாள்.
அவள் கேனில் நான் சாம்பல் கொட்டியிருக்கிறேன்.
சொல்ல வெட்கம். சொல்லிவிட்டேன்.

அதற்குத்தான் என்னைத் தூக்கி அடித்தாள்,
இடுப்பில் ஏற்றி, முதுகு முழுக்கப் பனியில் படும்படி.
யாரும் கற்றுத்தரவில்லை.
கேனை அப்படித்தான் தோளேற்றுவாள்.
மூச்சு திரும்பியதும் கத்தினேன்:
இவ்வளவு திமிரென்றால் ஜூடோவுக்குப் போயேன்!

போனாள்.

மாவுச் சாக்கைப் பிரித்து அம்மா தைத்த சட்டை.
உள்பக்கம் ஆலை முத்திரை:
முதல் தரம், இருபத்தைந்து கிலோ.
சிரித்தார்கள், பிடித்து இழுத்துப் பார்த்தார்கள்.
சிரித்தவர்கள் ஓய்ந்தார்கள், தையல் ஓயவில்லை.
பஸ் காசுக்கு அயலாருக்கெல்லாம் தண்ணீர் சுமந்தாள்.
தோற்றாள்.
அடுத்த வருடமும் தோற்றாள்.
தோள்பட்டை விலகி வந்த இரவில்
எலும்பைத் திட்டினாள் அம்மா, அவளை அல்ல.

பதினேழு வயதில், தார்கானில், நாற்பத்தெட்டுக் கிலோ இறுதிப் போட்டி.
எர்தெனெத்துக்காரி ஏற்கெனவே ஒரு புள்ளி முன்னால்.
பலகையில் அவள் பேர்.
பேருக்கு முன்னால் அம்மாவின் ஒற்றை எழுத்து.
எங்கள் எழுத்தில் அது
இரண்டு கால் ஊன்றி நிற்கும் சின்ன வீடு போல இருக்கும்.
அந்த வீட்டில் அரைக் கட்டில் என்னுடையது.

கடைசி நிமிடத்தில் இருவரும் சரிந்தார்கள்.
மேலே நெர்குய்.
நடுவர் கை நீட்டினார்:
இருபது நொடி அமுக்கி வைத்தால் போதும்.

ஒரு குளிர்காலம் முழுக்கச் சாவடியில் மீட்டர் உறைந்து கிடந்தது.
எண்ணித்தான் தண்ணீர் விட்டாள் அம்மா,
எண்ணுக்கு ஒரு லிட்டர்.
பக்கத்தில் நின்று நாங்களும் எண்ணுவோம்.
இப்போது நான் எண்ணினேன்.
ஒன்பதில் அந்தப் பெண் வில்லாக வளைந்தாள்.
பதினான்கில் ஒரு கால் விடுபட்டது போலிருந்தது.
நெர்குயின் முகம் தெரியவில்லை,
பிடி மட்டும் தெரிந்தது.
பதினெட்டு,
இல்லாத மூடியைக் கை தேடும் எண்.
பத்தொன்பது.

சாவடியைப் பூட்டிவிட்டு அம்மாவால் வர முடியாது.
போனில் சொன்னேன்.
"அப்படியா," என்றாள்.
"வரிசை நீளமா இருக்கு, அப்புறம் பேசறேன்."
ஆனால் போனை வைக்கவில்லை.
தண்ணீர் விழும் சத்தம்,
பிறகு நிரம்பும் சத்தம்,
பிறகும் விழும் சத்தம்.
வாழ்நாளில் ஒரு குவளை சிந்தாதவள்.
வரிசையில் யாரோ கத்துவது கேட்டது:
டுல்மா! ஏய் டுல்மா!
வழியுது பார்!